இரண்டு தகடுகள் போதுமா? குமிழ் வைத்த டெக்னிக்கும் குமிழ் இல்லாத டெக்னிக்கும்

குமிழன்:

“குமிழ்கள் ஒழிந்த பிறகுதான் லெகோ டெக்னிக் இயந்திரவியல் ஆயிற்று, அதற்கு முன்பு நடந்ததெல்லாம் சுவர் எழுப்பும் விளையாட்டு” என்று நண்பர் நெம்புகோல் வேறோர் இழையில் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். (புதியவர்களுக்கு: டெக்னிக் என்பது கியர், அச்சு வைத்து ஓடும் இயந்திரங்களைக் கட்டும் லெகோ வகை; குமிழ் என்பது ஒரு கட்டை அடுத்த கட்டையைப் பிடித்துக்கொள்ள அதன் தலையில் இருக்கும் சிறு புடைப்பு.) அந்த இழை மோட்டார்களைப் பற்றியது என்பதால் பதிலை இங்கே தனியாகத் தொடங்குகிறேன். 1980-இல் வந்த 8860 எண் கார் சேஸிஸில் டிஃபரன்ஷியலும் (திருப்பத்தில் இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர் அமைப்பு) கியர்பாக்ஸும் பிஸ்டன்களும் இருந்தன. 1994-இல் வந்த 8880 எண் சூப்பர் கார், நான்கு சக்கரங்களுக்கும் விசையைக் கொடுத்து, நான்கு சக்கரங்களையும் திருப்பி, நான்கு கியர்களையும் எட்டு சிலிண்டர்களையும் தன் வயிற்றுக்குள் வைத்திருந்தது. இவற்றின் எலும்புக்கூடு முழுவதும் தலையில் குமிழும் பக்கவாட்டில் துளைகளும் கொண்ட துளைக்கட்டைகள். இதைச் சுவர் என்று சொல்பவர் ஒன்று சுவரைப் பார்த்ததில்லை, அல்லது காரைப் பார்த்ததில்லை.

பழைய பாணியின் உயிர் ஒரே ஒரு கணக்கில் இருக்கிறது. குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ.; கட்டையின் உயரம் 9.6 மி.மீ.; மெல்லிய கட்டையான தகட்டின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மி.மீ. ஒரு துளைக்கட்டையின் மேல் இன்னொன்றை நேராக வைத்தால் துளைகளுக்கு இடையே 9.6 வரும், செங்குத்தாக நிறுத்தும் கட்டையின் துளைகளோடு அது ஒத்துப்போகாது. நடுவில் இரண்டு தகடுகளை வைத்துப் பாருங்கள்: 9.6 உடன் 6.4 சேர்ந்து 16, அதாவது துல்லியமாக இரண்டு குமிழ். இப்போது ஒரு கட்டையை நிமிர்த்தி நிறுத்தி, துளைகளைப் பூட்டும் சிறு முளைகளான பின்களைச் செருகினால், மேலே பிடித்து இழுத்தாலும் சட்டம் பிரியாது. இந்த இரண்டு தகடுகளைத் தானாகக் கண்டுபிடித்தவனுக்குத்தான் கட்டுமானம் என்றால் என்னவென்று தெரியும்.

நெம்புகோல்:

குமிழன் ஐயா, கோபத்தில் எனக்காகவே வாதாடியிருக்கிறீர்கள், நன்றி. அகலத்துக்கு 8, உயரத்துக்கு 9.6 என்று ஒரே பொருளுக்குள் இரண்டு அளவுகளை வைத்துவிட்டு, அந்தப் பிணக்கைத் தீர்க்க இரண்டு தகடுகளைச் செருகுவதைத் திறமை என்கிறீர்கள். ஆடும் மேசைக் காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து வைப்பவரும் அதே திறமை உடையவர்தான். குமிழ் இல்லாமல் துளைகள் மட்டும் உள்ள நீள் துண்டான பீமில் அகலமும் உயரமும் ஒரே 8 மி.மீ. அளவை ஒட்டியவை, எந்தப் பக்கம் புரட்டினாலும் துளைக்கு நேரே துளை நிற்கும். துளைகளின் எண்ணிக்கை 3, 5, 7 என்று 15 வரை ஒற்றைப்படையில் போவதால் அந்த ஒவ்வொரு பீமுக்கும் நடுவில் ஒரு துளை உண்டு. வண்டியின் மையக்கோட்டில் அச்சை ஓட்டுவதற்கு எந்தக் கணக்கும் போட வேண்டியதில்லை. பிரச்சினையே இல்லாத இடத்தில் தீர்வு எதற்கு?

அளவுகோல்:

விவாதம் சூடு பிடிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். “உறுதி” என்று இருவரும் சொல்கிறீர்கள் அல்லது சொல்லப் போகிறீர்கள். வளையாமல் இருப்பது ஒன்று. பிரியாமல் இருப்பது வேறு. முறுக்கினால் திரும்பாமல் இருப்பது இன்னும் வேறு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொண்டால் நல்லது. “பழைய பாணி” என்பதற்கும் ஓர் எல்லை வேண்டும்; 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டும் கலந்தே வந்தன.

குமிழன்:

எல்லைகளைப் பிறகு பார்க்கலாம். நடுத்துளை என்று ஒரு பெருமை மேலே வந்திருக்கிறது, அதை முதலில் கவனிப்போம். பழைய துளைக்கட்டையில் துளைகள் குமிழ்களுக்கு இடையில் இருக்கின்றன. 16 குமிழ் நீளமுள்ள கட்டையில் 15 துளைகள். எட்டாவது துளை எங்கே இருக்கிறது என்று நெம்புகோல் எண்ணிப் பார்க்கட்டும். புதிய பாணி கொண்டுவந்ததாக அவர் கொண்டாடும் நடுத்துளை, 1977-இல் முதல் பெட்டிகள் வந்தபோதே எங்களிடம் இருந்தது. ஆடத் தெரியாதவர் மேடை கோணல் என்ற கதையைக் கேட்டிருக்கிறேன். எண்ணத் தெரியாதவர் துளை இல்லை என்று சொல்வதை இன்றுதான் கேட்கிறேன்.

இரண்டு தகடுகள் காகித மடிப்பு என்ற கேலிக்கும் பதில் உண்டு. காகிதம் தற்செயலாகப் பொருந்துவது, 9.6 + 3.2 + 3.2 தற்செயல் அன்று. மூன்று கட்டைகளும் ஒரு தகடும் 32 மி.மீ., நான்கு குமிழ். ஐந்து கட்டைகள் 48 மி.மீ., ஆறு குமிழ். ஐந்துக்கு ஆறு என்ற விகிதம் அடி முதல் முடி வரை ஓடுகிறது. இது பிணக்கு இல்லை ஐயா, சந்தம்.

நெம்புகோல்:

15 துளைகளுக்கு உங்கள் கட்டை 128 மி.மீ. எடுத்துக்கொள்கிறது, என் பீம் 120 மி.மீ.யில் முடிகிறது. தலைப்பில் அரைக் குமிழ், வாலில் அரைக் குமிழ் என்று நீட்டிக்கொண்டு நிற்பதும் சந்தம்தானா? சந்தத்தைப் பேசுபவர் கியரையும் பேச வேண்டும். 16 பற்கள் கொண்ட கியரையும் 24 பற்கள் கொண்ட கியரையும் கோக்க அச்சுகளுக்கு இடையே 20 மி.மீ. வேண்டும். கட்டைகளையும் தகடுகளையும் எப்படி அடுக்கினாலும் செங்குத்தில் 19.2 வரும், இல்லையென்றால் 22.4 வரும், 20 வராது. உங்கள் இரண்டு தகடுகள் அந்த இடத்தில் எங்கே போய் ஒளிந்துகொள்கின்றன?

பற்சக்கரன்:

நெம்புகோல் அண்ணனுக்கு ஒரு துணைச் செய்தி. 20 மி.மீ. என்பது இரண்டரை அலகு (8 மி.மீ. ஓர் அலகு). பக்கவாட்டில் ஒன்றரை, உயரத்தில் இரண்டு என்று வைத்தால் சாய்வாக இரண்டரை வந்துவிடும். 3, 4, 5 முக்கோணம்தான் அது. புதிய பாணியில் வளைந்த பீம்களின் கோணமே இந்த முக்கோணத்திலிருந்து வந்தது, 53 பாகைக்குச் சற்று மேல். அதனால்தான் சாய்வாகக் கட்டினாலும் துளைகள் வழி தவறுவதில்லை.

குமிழன்:

தம்பி பற்சக்கரன் ஒன்றரை என்கிறார். அந்த அரை எங்கிருந்து வருகிறது? புதிய பாணியில் அதற்கு மெல்லிய பீமோ வேறு ஏதாவது இணைப்பானோ தேட வேண்டும். எங்களுக்கு அது கட்டையிலேயே இருக்கிறது: குமிழுக்கு நேர் கீழே துளையிட்ட சிறு கட்டையை, குமிழ்களுக்கு இடையே துளையிட்ட கட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் அரைக் குமிழ் கைக்கு வந்துவிடும். 16-உம் 24-உம் படுக்கையில் கோக்கும். செங்குத்தில்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளட்டும்.

இதில் வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். குமிழ் இல்லாத பாணியில் கட்டுவதற்கு உள்ளிருந்து வெளியே போக வேண்டும். நடுவில் ஒரு கியர் பிழையாக இருந்தால் கதவு, கூரை, பக்கச்சட்டம் என்று வரிசையாகக் கழற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும். 2018-இல் வந்த புகாட்டி சிரோனில் 3,599 துண்டுகள். கையில் எடுப்பதில் எத்தனை முறை பின் வருகிறது என்று கட்டியவர்களுக்குத் தெரியும். பின்னைப் பின்னால் கோத்து, அதையும் பின்னால் பூட்டி… கட்டுவது காரையா, முள்ளம்பன்றியையா?

நெம்புகோல்:

உங்கள் பாணியில் மட்டும் பின் இல்லையா? இரண்டு தகடுகள் வைத்த பிறகு செங்குத்துக் கட்டையை எதைக் கொண்டு பூட்டினீர்கள், பிசினாலா? குமிழின் பிடிப்பு தன்னால் போதும் என்றால் அந்தச் செங்குத்துக் கட்டையே தேவைப்பட்டிருக்காது. அதாவது, பழைய பாணி உறுதியாக நின்ற ஒவ்வொரு இடத்திலும் அதைத் தாங்கியது பின்தான். நாங்கள் அந்தப் பின்னை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்.

அளவுகோல்:

“உறுதியாக” என்று மறுபடியும் வந்துவிட்டது. எந்த உறுதி?

நட்டும்போல்ட்டும்:

இரண்டு நாட்களாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் சண்டை போடுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது. ஃபிராங்க் ஹோர்ன்பி 1901-இல் காப்புரிமை பெற்று, 1907-இல் மெக்கானோ என்று பெயர் சூட்டிய உலோகப் பட்டைகளில் துளைக்குத் துளை அரை அங்குலம். மேலே ஓர் அளவு, பக்கத்தில் ஓர் அளவு என்ற குழப்பம் அதில் எழவே இல்லை. நட்டை முறுக்கினால் இறுகும், தளர்த்தினால் நகரும். எவ்வளவு இறுக வேண்டும் என்பதைக் கட்டுபவனின் விரல் முடிவு செய்யும். 1934-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீயும் ஆர்தர் போர்ட்டரும் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் கருவியை மெக்கானோவின் பல்சக்கரங்களைக் கொண்டே செய்து காட்டினார்கள். உங்கள் இரண்டு தகடுகளால் எந்தச் சமன்பாட்டைத் தீர்த்தீர்கள்?

பற்சக்கரன்:

ஐயா, மன்னிக்க வேண்டும்: பல் + சக்கரம் பற்சக்கரம் என்றுதான் புணரும். மேலும், 2010-இல் ஆண்ட்ரூ கரோல் என்பவர் பண்டைய கிரேக்கர்களின் ஆன்டிகிதெரா வானியல் கருவியை லெகோ கியர்களாலும் டிஃபரன்ஷியல்களாலும் ஓட வைத்திருக்கிறார். கிரகணம் எப்போது வரும் என்று அது சொல்கிறது. பிளாஸ்டிக்கும் கணக்குப் போடும்.

நட்டும்போல்ட்டும்:

தம்பி, நீங்கள் பெயருக்கு இலக்கணம் பார்த்துக்கொண்டிருங்கள், நான் கியருக்கு இலக்கணம் பார்க்கிறேன். “பல்சக்கரம்” என்று எழுதினாலும் என் பித்தளைச் சக்கரத்தின் பல் தேயாது. திருகை இறுக்கி அச்சோடு பூட்டிய சக்கரம் அது. லெகோவின் சிலுவை வடிவ அச்சில் சும்மா செருகி விட்டது போல இங்கும் அங்கும் நகராது.

குமிழன்:

மெக்கானோவின் மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஐயா, இங்கே பேச்சு இரண்டு தகடுகளைப் பற்றியது. இலக்கணப் பேச்சும் வேண்டாம். நெம்புகோல் பின்னைப் பற்றிப் பெருமை பேசியதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். பின்னுக்கும் துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. ஒரு பின்னில் அது தெரியாது. வரிசையாகப் பத்துப் பின்களைத் தாண்டிய பிறகு நன்றாகவே தெரியும். சென்ற ஆண்டுக் கூடலில் ஒருவருடைய பளுதூக்கியின் கை, சுமையே இல்லாமல், தொடக்கத்திலிருந்து முடிவு வரை இடப்பக்கம் பார்த்துக்கொண்டே நின்றது. யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன். அது குமிழ் இல்லாத பாணி என்பதை மட்டும் சொல்கிறேன்.

நெம்புகோல்:

நீங்கள் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும், என்னுடையதுதான். அந்தக் கதையின் மறுபாதியையும் சொல்லியிருக்கலாம். கூடலன்று காலையில் என்னிடம் பின்கள் குறைந்துவிட்டன, உங்களிடம் கேட்டேன். இறுகப் பிடிக்கும் கறுப்புப் பின்களைக் கேட்டேன். நீங்கள் கை நிறையக் கொடுத்தவை தளர்வாகச் சுழலும் சாம்பல் நிறப் பின்கள். சுழல்வதற்கென்றே செய்த பின்னைச் சட்டத்தில் கொடுத்துவிட்டு, சட்டம் சாய்ந்தது என்று ஓராண்டாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். அவசரத்தில் நிறம் பார்க்காதது என் தவறுதான், கொடுத்தது?

குமிழன்:

பெட்டியில் இருந்ததைக் கொடுத்தேன். என் வண்டிகளுக்குக் கறுப்புப் பின் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை, ஏனென்றால் இரண்டு தகடுகள் வைக்கிறேன்.

நெம்புகோல்:

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். உங்கள் முயலுக்கு இரண்டே தகடு.

பற்சக்கரன்:

அண்ணன் சொன்னது மிகச் சரி. இன்னொன்று: 2019-இல் வந்த லீபெர் ஆர் 9800 அகழ்வு எந்திரம், 4,108 துண்டுகள், ஏழு மோட்டார்கள். அதன் கையைக் குமிழ்க்கட்டைகளால் கட்டினால் எடை எங்கே போய் நிற்கும்? பழைய பாணியில் அந்த அளவுக்கு யார் கட்டினார்கள்?

குமிழன்:

பெரியது சிறந்தது என்றால் யானைதான் நல்ல கடிகாரம். அந்தப் பெட்டியைக் கைபேசி இல்லாமல் அசைக்க முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். 8880-இன் ஸ்டீயரிங்கைத் திருப்ப எனக்கு விரல் போதும். கட்டும்போது எது எதைத் தாங்குகிறது என்பது அடுக்கடுக்காகக் கண்ணில் தெரியும். அடித்தட்டு, அதன்மேல் இரண்டு தகடுகள், அதன்மேல் அடுத்த கட்டை. புதிய பாணியில் வழிகாட்டி நூலைப் பாதி புரட்டும்வரை கையில் இருப்பது காரா கதிரையா என்றே தெரியாது. வெளியே பலகத்தை மாட்டி வளைவைக் காட்டிவிட்டால் உள்ளே இருப்பதை யார் கேட்கப் போகிறார்கள்?

நெம்புகோல்:

வளைவைக் காட்டுவது குற்றமா? உங்கள் சூப்பர் கார் மழையில் நனைந்த மரப்பெட்டி போல இருக்கிறது என்று நான் இதுவரை மரியாதைக்காகச் சொல்லவில்லை.

குமிழன்:

இப்போது சொல்லிவிட்டீர்கள். குறித்துக்கொண்டேன்.

அளவுகோல்:

மூன்றாவது முறையாகக் கேட்டுப் பயனில்லை என்பதால் நேற்றிரவு நானே கட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டு பாணியிலும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் சட்டம்; இரண்டு முனைகளையும் தாங்கி வைத்து, நடுவில் ஒரே சுமை. குமிழ்ச் சட்டம் குறைவாகவே தொய்ந்தது. ஆனால் மேல் வரிசையைப் பிடித்துத் தூக்கியபோது, செங்குத்துக் கட்டை பூட்டாத இடத்தில் கீழ் வரிசை கழன்று விழுந்தது. குமிழ் இல்லாத சட்டத்தில் எதுவும் கழலவில்லை. ஆனால் இரு முனைகளையும் பிடித்து முறுக்கினால் அது கொடுத்துக்கொண்டே போகிறது. நான் முதலில் கேட்டதும் இதைத்தான். படங்களை இணைத்திருக்கிறேன்.

குமிழன்:

கழன்ற இடத்தில் இரண்டு தகடுகள் வைத்தீர்களா? படத்தில் எனக்கு ஒன்றுதான் தெரிகிறது.

நெம்புகோல்:

முறுக்கிய சட்டத்தில் பின்கள் என்ன நிறம்? வெளிச்சம் போதவில்லை, சாம்பலாக இருக்கும் போலிருக்கிறது. யாரிடம் வாங்கினீர்கள் என்றும் சொல்லுங்கள்.