பாதையைத் துருவுவதா, பாதையைச் சுற்றித் துருவுவதா?

அன்புள்ள குழுவினருக்கு,

திருகோணமலையில் எங்கள் மாணவர்கள் மேசைமேல் வைக்கும் அளவில் தாமே கட்டிய, கணினி கட்டளைப்படி அலகை நகர்த்தி வெட்டும் 'சிஎன்சி' பொறிக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல்தான் வழி மறிக்கிறது. மின்சுற்றுக்கான செம்பு பூசிய பலகையைப் பெரிக்குக் குளோரைட்டுக் கரைசலில் அரிக்கவிடாமல், சுழலும் கூர் அலகால் செம்பைக் கோடாக நீக்கி மின்பாதைகளைப் பிரிக்கும் வேலையை ஆங்கிலத்தில் 'ஐசொலேஷன் மில்லிங்' என்கிறார்கள். முதல் வரைவில் 'பாதை துருவல்' என்று எழுதினேன். அதைப் படித்த மாணவர் ஒருவர் அலகு போன பள்ளத்தையே மின்பாதை என்று எண்ணி, அதற்குள் பற்றாசு (சோல்டர்) பிடிக்க முயன்றார். பிழை அவருடையதன்று, அத்தொகை 'பாதையைத் துருவல்' என்றுதானே விரியும்? 'சுற்றுத் துருவல்' என்றால், மின்சுற்றைத் துருவுவதாகிவிடும். உங்கள் கருத்தை அறியத் தாருங்கள்.

தம்பலகாமத்திலிருந்து:

ஐயா, வயல் எங்களுக்கு முன்பே சொல் தந்துவிட்டது. 'வரம்பிடல்' என்று எழுதுங்கள். வரம்பு என்பது எல்லையுமாகும். ஒரு பாதையின் மின் அடுத்ததற்குள் கசியாமல் காப்பது எல்லைதானே? ஔவையார் வாக்கில் 'வரப்பு' என்று வந்தாலும் எங்கள் வாயில் அது வரம்புதான்.

உப்புவெளியிலிருந்து:

வரம்பு உயர்ந்து நிற்பது. அலகு விட்டுச்செல்வது பள்ளம். உவமை தலைகீழாக இருப்பதால் அதை ஏற்க இயலாது. ஆனால் என் மறுப்பு 'துருவல்' என்ற சொல்லின் மீதே. நம் வீடுகளில் தேங்காயைத் 'திருவுகிறோம்', கருவியின் பெயர் 'திருவலை'. திருகு, திரும்பு ஆகியவற்றோடு திருவு என்பதையும் வைத்துப் பார்த்தால், சுழற்சிப் பொருள் அடியிலேயே கிடப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மேசை விளிம்பில் பூட்டிக் கைப்பிடியால் சுற்றும் திருவலையில் தேங்காய்ப் பாதி கையில் நிற்க, அலகு சுழல்கிறது. கடைசலிலோ பொருள் சுழல, உளி நிற்கிறது. இவ்வளவு தெளிவான வேறுபாட்டை அடுக்களையே காட்டும்போது, பேச்சு வழக்கு என்று கூசி உகரத்துக்கு ஏன் ஓடவேண்டும்? 'பிரிதிருவல்' என்று வினைத்தொகையாக்குங்கள், வல்லினமும் மிகாது.

மீண்டும் திருகோணமலையிலிருந்து:

அம்மா, திருவலை விளக்கத்தை அப்படியே கையேட்டில் சேர்த்துக்கொள்கிறேன். மூன்று பக்கம் எழுதியும் எனக்கு வராத தெளிவு அதில் உண்டு. வேர்ச்சொல் ஆய்வைத் தொடர இப்போது நேரமில்லை. 'பிரிதிருவல்' இலக்கணத்துக்குப் பொருந்தினாலும், பிரிந்துபோன ஏதோ ஒன்றைத் திருவுவதாக மாணவர் மயங்கக்கூடும். நேற்று வகுப்பில் 'வரம்பிடல்', 'பிரிதிருவல்', நானே எண்ணிய 'பிரிப்புத் துருவல்' என்ற மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதிக் கேட்டேன். 'பிரிப்புத் துருவல்' என்பதைக் கண்டதும் பலர் பள்ளம் எதற்கு என்று சரியாகச் சொன்னார்கள். 'வரம்பிடல்' என்றதும் ஒருவர் செம்பை மேலே குவிப்பதாகப் படம் வரைந்தார்.

பள்ளத்தின் நோக்கம் புரியாதவருக்கு அதன் அளவும் புரியாது என்பதாலேயே இவ்வளவு வற்புறுத்துகிறேன். பலகை 1.6 மில்லிமீற்றர் தடிப்பானாலும், அதன்மேல் உள்ள செம்பு பெரும்பாலும் 35 மைக்ரோமீற்றர்தான். முனை அகலம் 0.1 மில்லிமீற்றரும் கோணம் 30 பாகையும் உள்ள அலகு, 0.1 மில்லிமீற்றர் ஆழம் இறங்கினால் ஏறக்குறைய 0.15 அகலத்திலும், 0.2 இறங்கினால் ஏறக்குறைய 0.21 அகலத்திலும் பள்ளம் வெட்டும். பலகை சற்று வளைந்திருந்தாலே ஓரிடத்தில் செம்பு அறுபடாமல் இருக்கும், இன்னோரிடத்தில் பாதை மெலியும். அதனால்தான் வெட்டுமுன் அலகால் பலகையைப் பல புள்ளிகளில் தொட்டு உயரம் அளக்கச் சொல்கிறோம்.

ஆகவே 'பிரிப்புத் துருவல்' என்றே அனுப்புகிறேன். தம்பலகாமத்து அன்பர் இன்னும் இசையவில்லை. உப்புவெளி அம்மையாரோ, தம் படி கைக்கு வந்ததும் ஒவ்வொரு 'து'வையும் பென்சிலால் 'தி' ஆக்கப்போவதாக எழுதியிருக்கிறார்.