ஓஎஸ்எம் (ஓபன்ஸ்ட்ரீட்மேப்) வரைபடக் கோப்பைப் புதுப்பித்தால் வேற்று நாடுகளும் உள்ளே வருகின்றன, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஓஎஸ்எம் தரவை வட்டாரவாரியாகத் தரும் ஜியோஃபேப்ரிக் தளத்தில் இறக்கிய தென்னிந்திய பிபிஎஃப் (சுருக்கிய வரைபடத் தரவு) கோப்பை, மாற்றங்களை மட்டும் இறக்கிச் சேர்க்கும் ஓஎஸ்எம்அப்டேட் கருவி கொண்டு டெர்மினலில் புதுப்பித்து வருகிறேன். தினமும் முழுக் கோப்பை இறக்க எங்கள் இணைப்பு தாங்காது.

புதுப்பித்ததைத் திறந்தால் ஜெர்மனியில் ஏதோ பூங்காவின் மரப்பெஞ்சுகூட உள்ளே கிடக்கிறது! அந்தக் கருவி உலகம் முழுவதற்குமான மாற்றங்களை இழுப்பதுதான் காரணம் என்று புரிகிறது. சரி என்று எல்லைக் கோப்பை '-பி' விருப்பத்தில் கொடுத்து வெட்டினேன். அளவு குறைந்தது. ஆனால் எல்லையோரச் சாலைகள் துண்டாகிவிட்டன. கர்நாடகத்தின் கார்வாரிலிருந்து கோவா பக்கம் போகும் சாலை பாதியில் நிற்கிறது.

ஜியோஃபேப்ரிக் தரும் தென்மண்டல அன்றாட மாற்றங்களுக்கு பேஸ்-யூஆர்எல்லை (மாற்றங்களை எடுக்கும் முகவரியை) திருப்பினால் போதுமா, இல்லை இதே வேலைக்கான பைத்தான் கருவியான பைஓஸ்மியமுக்கே மாறிவிடலாமா? அப்புறம், இந்தக் கோப்பையே சரிசெய்ய முடியுமா, புதிதாக இறக்கியே ஆக வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் உங்கள் கட்டளை வரியை அப்படியே போட்டால் பெரிய உதவி.