காஸ்ட்கோவில் வாங்கத் தகுந்த உறைநிலை உணவுகள் எவை?

எடிசன்வாசி:

அனைவருக்கும் வணக்கம். நானும் கணவரும் அலுவலகம் செல்பவர்கள். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள். வாரநாள்களில் வீடு திரும்பவே ஆறரை மணி ஆகிவிடுவதால், அதற்குப் பிறகு காய் நறுக்கிக் குழம்பு கூட்டி இறக்குவதற்குள் சின்னவன் பாதித் தூக்கத்தில் இருக்கிறான். உறுப்பினர்களுக்கு மட்டும் மொத்தமாக விற்கும் அமெரிக்கக் கடையான காஸ்ட்கோவில் உறுப்பினராக இருந்தும் பால், முட்டை, பாதாம், பெட்ரோல் தவிர வேறெதையும் அங்கே வாங்குவதில்லை. உறைநிலைப் பகுதியில் எல்லாமே மூன்று பவுண்டு, நான்கு பவுண்டு மூட்டைகளாக இருப்பதால், பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்ற தயக்கத்தோடு கண்ணாடிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன். நாங்கள் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் உண்பதில்லை. கோழி, மீன், முட்டை உண்டு. கோடையில் மாமியார் வரும்போது வீடு முழுவதும் சைவம்தான். எங்களிடம் தனி ஃப்ரீசர் இல்லை, ஃபிரிட்ஜோடு சேர்ந்தது மட்டுமே. எவற்றை வாங்கலாம், எவற்றைத் தவிர்க்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பனிப்பெட்டி:

வணக்கம் சகோதரி. இடம் குறைவு என்று சொல்லிவிட்டதால், தட்டோடு முழுச்சாப்பாடாக வருகிறவற்றை விட்டுவிட்டு, வேண்டிய அளவு உதிரியாக எடுத்துக்கொண்டு மீதியைக் கட்டி வைக்கக்கூடியவற்றை மட்டும் வாங்குங்கள் என்பேன். காஸ்ட்கோவின் சொந்த வணிகப்பெயரான கிர்க்லண்டில் வரும் லசான்யாவை (பாஸ்தா ஏடுகளை அடுக்கிச் செய்வது) எடுத்துக்கொண்டால், அதில் தொத்திறைச்சியும் மாட்டிறைச்சியும் இருப்பதால் உங்களுக்கு ஆகாது என்பது ஒருபுறமிருக்க, மூன்று பவுண்டுத் தட்டு ஒன்றை அடுப்பில் வைத்து எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் நீங்கள் சாம்பாரே வைத்துவிடுவீர்கள்.

பிள்ளைகளுக்கு முதலில் வாங்க வேண்டியது பிபிகோ நிறுவனத்தின் கோழி, கொத்தமல்லி மினி வான்டன் (பூரணம் வைத்த சிறு சீனக் கொழுக்கட்டை). கொதிக்கும் நீரில் போட்டால் சில நிமிடங்களில் வெந்துவிடும். எங்கள் வீட்டில் அதை மிளகு ரசத்தில் போட்டுக் கொடுக்கிறோம். கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் சளி பிடித்த பிள்ளைக்கு அதைவிடத் தோதான இரவுணவு எனக்குத் தெரியவில்லை. ஜஸ்ட் பேர் என்ற பெயரில் வரும் கோழித்துண்டுகளும் நன்றாக இருக்கும். அவை முன்பே வெந்தவை, ஏர் ஃப்ரையரில் சூடாக்கி எடுத்தால் போதும். ஆனால் மேலே ரொட்டித்தூள் பூசிப் பொன்னிறமாக இருக்கும் எல்லாக் கோழியும் வெந்தது அன்று. உள்ளே சீஸ் அடைத்து வரும் வகைகளில் பல, வெளியே வறுபட்டதுபோல் தெரிந்தாலும் உள்ளே பச்சை இறைச்சிதான். அட்டையைப் படித்துவிட்டு, நடுப்பகுதி 165 டிகிரி ஃபாரன்ஹீட் வரும்வரை வேகவையுங்கள். மைக்ரோவேவை நம்ப வேண்டாம்.

இறாலைப் பச்சையாக உறைந்ததாகவே வாங்குங்கள். வெந்து உறைந்த இறாலைத் தொக்கில் போட்டால் மறுபடி வெந்து ரப்பராகிவிடும். பையின் மேல் 21-25 என்று போட்டிருந்தால் ஒரு பவுண்டுக்கு அத்தனை இறால் நிற்கும் என்று பொருள். எண் குறையக் குறைய இறால் பெரிது, விலையும் கூடும். தொக்குக்கு நடுத்தர அளவே போதும். கிர்க்லண்ட் சாமன் மீன் துண்டு துண்டாகத் தனித்தனி உறையில் வருவது நமக்கு மிகவும் வசதி. ஆனால் அந்த உறை காற்று நீக்கப்பட்டது என்பதால், முந்தைய இரவே ஃபிரிட்ஜில் இறக்கி வைக்கும்போது உறையைக் கிழித்துத் திறந்து வைக்க வேண்டும். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து உணவை நஞ்சாக்கும் பாட்டுலிசக் கிருமி, ஃபிரிட்ஜின் குளிரிலும் வளரக்கூடியது என்பதே காரணம்.

எதை எடுத்தாலும் பையை ஒருமுறை கையால் அழுத்திப் பாருங்கள். துண்டுகள் உதிரியாக நகர்ந்தால் எடுக்கலாம். எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டு, உள்ளே பனித்தூளும் படிந்திருந்தால், வழியில் எங்கோ இளகி மறுபடி உறைந்திருக்கிறது.

சைவச்சமையல்:

மாமியார் இருக்கும் மாதங்களைப் பற்றி யாராவது எழுத வேண்டுமல்லவா? காய்கறி ஸ்பிரிங் ரோல், பீன்ஸ் பரிட்டோ (ரொட்டியில் சுற்றிய மெக்சிகோ உணவு), காய்கறி பர்கர் என்று பெயரைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள். பரிட்டோவின் பீன்ஸ் மசியலில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது மெக்சிகோ மரபு. பர்கர் வகைகள் பலவற்றில் பிடிப்புக்காக முட்டையின் வெள்ளைக்கரு இருக்கும். சீனப் பாணிக் காய்கறிச் சோற்றில் சிப்பிச் சாறு இருக்கலாம்.

நம்மில் பலர் அட்டையின் கீழே தடித்த எழுத்தில் உள்ள ஒவ்வாமைப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு வண்டியில் போட்டுக்கொள்கிறார்கள். முட்டை, பால், மீன், இறால் போன்ற ஓட்டுடலிகள், 2023 முதல் எள் ஆகியவற்றை அங்கே குறிப்பிட வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறதே தவிர, சிப்பியையோ கோழிச் சாற்றையோ ஜெலட்டினையோ பன்றிக்கொழுப்பையோ குறிப்பிடச் சொல்வதில்லை. ஆகவே மேலே பொடி எழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியலை முழுவதும் படித்தாக வேண்டும். பீட்சாவின் சீஸில் வெறுமனே நொதிகள் என்று மட்டும் போட்டிருந்தால், அவை கன்றின் வயிற்றிலிருந்து எடுத்தவையா, நுண்ணுயிரிலிருந்து வந்தவையா என்று அதைக்கொண்டு கண்டுபிடிக்க இயலாது. உங்கள் மாமியார் அவ்வளவு தூரம் பார்ப்பவரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கவலையில்லாமல் வாங்கக்கூடியவை வெறும் காய்களும் பழங்களும்தான். பச்சைப் பட்டாணி, சோளம், பீன்ஸ் ஆகியவற்றை வெந்நீரில் ஒரு கொதி விட்ட பிறகே உறையவைக்கிறார்கள் என்பதால் பாதி வேலை முடிந்தே வருகிறது. பொரியல் செய்யும்போது இளகவிடாமல், தாளித்த சூட்டிலேயே நேராகக் கொட்டி, மூடாமல் பெருந்தீயில் வதக்குங்கள். மூடினால் நீர் விட்டுக் கூட்டாகிவிடும். சில கிளைகளில் மலேசியாவின் கவான் பரோட்டாவும் கிடைக்கிறது. அதை இளகவிட்டால் நடுவிலுள்ள பிளாஸ்டிக் தாளோடு மாவு ஒட்டிக்கொள்ளும்; ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு காய்ந்த தோசைக்கல்லில் போட்டு, இருபுறமும் சிவந்ததும் இரு கைகளாலும் பக்கவாட்டில் தட்டினால் அடுக்கு பிரியும். தேங்காய்த் துருவல், முருங்கைக்காய் ஆகியவற்றுக்கு மட்டும் உங்கள் நியூ ஜெர்சி எடிசனிலேயே உள்ள இந்தியக் கடைதான் சரி.

ஆஸ்டின் தனிக்கட்டை:

பனிப்பெட்டி அண்ணன் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இறாலும் மீனும் மூலப்பொருள்கள். அவற்றை வாங்கினாலும் ஒருவர் நின்று சமைத்தாக வேண்டும். ஆறரைக்குக் களைத்து வரும் வீட்டில், எந்த முயற்சியும் இல்லாமல் சூடாக்கி உண்ணக்கூடிய ஒரு பெட்டியாவது இருப்பது நல்லது, இல்லையென்றால் கை தானாகவே வெளியிலிருந்து உணவு வரவழைக்கப் போய்விடும். தனித்தனியாகச் சுற்றி வரும் பரிட்டோ வகைகளை அந்த நோக்கத்தோடுதான் வாங்குகிறேன். உப்பை மட்டும் பாருங்கள். ஒரு நாளைக்கு 2,300 மில்லிகிராம் சோடியம் என்பது அளவு. அட்டையில் சோடியத்துக்கு நேரே அந்த நாளளவில் 20 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று இருந்தால் அது அதிகம். அந்தக் கணக்கும் ஒரு பரிமாறலுக்குத்தான், அதைவிடக் கூடுதலாகத்தான் நாம் உண்கிறோம்.

எடிசன்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. வான்டன், பட்டாணி, பரோட்டா ஆகியவற்றோடு தொடங்கலாம் என்றிருக்கிறேன். மழைக்காலப் புயலில் எங்கள் பகுதியில் மின்சாரம் போவதுண்டு. அப்போது இவ்வளவையும் தூக்கி எறிய வேண்டியதுதானா? பிடிக்காத பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

பனிப்பெட்டி:

கதவைத் திறக்காமல் வைத்திருந்தால், நிறைந்த ஃப்ரீசர் ஏறத்தாழ 48 மணி நேரமும் பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும் என்பது அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் தரும் கணக்கு. காலியிடத்தில் தண்ணீர்ப் புட்டிகளை வைத்து நிரப்பிவிடுங்கள். பிறகு திறக்கும்போது துண்டில் இன்னும் பனிப்படிகம் இருந்தால் மறுபடி உறையவைக்கலாம். 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இரண்டு மணி நேரம் கடந்திருந்தால் இறைச்சியையும் மீனையும் எறிந்துவிடுங்கள்.

பிடிக்காத உணவைக் காஸ்ட்கோ திரும்பப் பெற்றுப் பணத்தைத் தந்துவிடும், பை திறந்திருந்தாலும் பரவாயில்லை. ஆனால் கடையில் பொருளுக்கு மேல் மாட்டியிருக்கும் விலைச்சீட்டின் மேல் மூலையில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்தப் பொருளை மறுபடி வரவழைக்கமாட்டார்கள் என்று பொருள். பிள்ளைகளுக்குப் பிடித்தது அப்படி நின்றுபோவதுண்டு என்பதால், அடுத்த முறை வான்டன் எடுக்கும்போது சீட்டையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.