அண்ணன் வீட்டுப் படி எப்படி ஏறுவது? சொல்லுங்களேன்

வணக்கம். அப்பா 2018இல் உயில் எழுதாமலே போய்விட்டார். மேற்கு மாம்பலம் வீட்டை அண்ணன் பெயருக்கு மாற்ற என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் என் கையெழுத்தைக் கேட்டார்கள், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பா சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டே என்று நான் கேட்டேன், அவ்வளவுதான், ஆறு வருடமாகப் பேச்சே இல்லை. கேட்டது தப்பென்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் பொங்கலுக்கு மறுநாள், ஒவ்வொரு கனுவன்றும் மொட்டை மாடியில் மஞ்சள் இலை விரித்து, மஞ்சள் சாதமும் குங்குமச் சாதமும் உருட்டி, அண்ணா நன்றாக இருக்க வேண்டும் என்று பிடி வைப்பதை மட்டும் விடவில்லை.

போன வாரம் அண்ணன் மகள் போன் செய்தாள். "அத்தை, அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், உங்களைக் கேட்டார்." தாம்பரத்தில் ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கி, அவருக்குப் பிடித்த மலைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு தெருமுனை வரை போய், அப்படியே திரும்பிவிட்டேன். மன்னி என்ன சொல்வாரோ என்று கால் எழவில்லை.

இப்படிப் பிரிந்து மறுபடி சேர்ந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தனியாகப் போவதா, பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதா? அவரே வீட்டுப் பேச்சை எடுத்தால், முதலில் உடம்பு தேறட்டும் அண்ணா, அப்புறம் பேசலாம் என்றால் போதுமா? ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன்.