மழை முகத்தில் அடிக்கிறதா, முதுகில் அடிக்கிறதா?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழிப் பள்ளியில் படித்து, மலையாளத்தைக் கடைத்தெருவிலும் பின்னர் கல்லூரியிலும் கற்றுக்கொண்டவள் நான். கேரளத்தில் ஓர் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அழைப்பு ஏற்கும் பணியில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். தேவிகுளம், பீர்மேடு பகுதித் தேயிலைத் தோட்டங்களிலிருந்தோ, வாளையாறு, ஆரியங்காவு வழியாகச் செல்லும் லாரி ஓட்டுநர்களிடமிருந்தோ தமிழில் அழைப்பு வந்தால், பெரும்பாலும் என் ஹெட்செட்டுக்குத்தான் மாற்றிவிடுவார்கள்.

ஓர் ஆண்டுத் தென்மேற்குப் பருவமழையின்போது தேசிய பேரிடர் மீட்புப் படையினர் இருவர் எங்கள் அறையில் வந்து அமர்ந்தார்கள். மழைக்காலம் தொடங்கும்போதே அப்படையின் குழுக்களைக் கேரள மாவட்டங்களில் முன்கூட்டி நிறுத்திவைப்பது வழக்கம். இவர்கள் அரக்கோணத்தில் உள்ள நான்காவது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். ஒரு பட்டாலியனில் 45 பேர் கொண்ட 18 குழுக்கள் இருப்பதாகவும், ஒவ்வொரு குழுவிலும் பொறியாளர், மின்பணியாளர், மருத்துவ உதவியாளர், மோப்ப நாய்கள் என எல்லாம் உண்டு என்றும் அவர்கள் சொன்னபோது, எங்களுக்குக் கிடைத்த இருவரும் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர்களில் ஆய்வாளர் (இன்ஸ்பெக்டர்) ஆந்திரத்தின் நகரிக்கு அருகில் பிறந்தவர். வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தவர். ஒரு மாநிலத்தின் எல்லையில் பிறந்தவருக்கு இன்னொரு மாநிலத்தின் எல்லையில் பிறந்தவளின் பேச்சு உடனே பிடிபட்டுவிட்டது. அவர் என்னை ‘அம்மா’ என்றும் நான் அவரை ‘சார்’ என்றும் அழைத்தோம்.

முதல் வாரம் எனக்கு அவர் மீது உள்ளூர எரிச்சலே இருந்தது. அழைப்பை எடுத்ததிலிருந்து வண்டி புறப்படும் வரை எத்தனை வினாடி ஆகிறது என்பதுதான் எங்கள் வேலையை அளக்கும் கோல். என்ன ஆயிற்று, எந்த இடம், பக்கத்தில் என்ன அடையாளம் என்ற மூன்று கேள்விகளில் அழைப்பை முடித்து, வண்டி அனுப்புபவரின் திரைக்குத் தள்ளிவிடுவதில் எனக்குப் பெருமை இருந்தது. ஆய்வாளரோ பக்கத்து நாற்காலியில் அமர்ந்துகொண்டு, நான் அழைப்பை முடிக்கப் போகும் நேரத்தில் ஒரு தாளில் இன்னொரு கேள்வியை எழுதி என் முன்னால் நகர்த்துவார். வினாடிகளை விரயம் செய்கிறார் என்று தோழியிடம் நான் குறைபட்டுக்கொண்டதுண்டு.

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு டேங்கர் விபத்து. இரவு ஒரு மணியைத் தாண்டிய நேரம். சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலையில், வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோட்டுக்கு முன்னால், கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து சரக்கு ஏற்றிவந்த நாமக்கல் ஓட்டுநர் ஒருவர் அழைத்தார். தமக்கு முன்னால் சென்ற வண்டி கவிழ்ந்துவிட்டது என்றும், ஓட்டுநர் கேபினுக்குள் சிக்கிக்கொண்டு கத்துகிறார் என்றும் பதறிச் சொன்னார். சாலை விபத்து, ஒருவர் சிக்கியிருக்கிறார் என்று நான் பதிந்துகொண்டிருக்கும்போதே, பேச்சுவாக்கில் அவர் ‘டேங்கர்’ என்றார். ஆய்வாளர் எழுந்து என் மேசையருகே வந்து நின்றார். தாளில் அவர் எழுதியது: ‘பின்பக்கப் பலகையில் நான்கு இலக்க எண்.’

அபாயகரமான சரக்கு ஏற்றும் ஒவ்வொரு வண்டியிலும் அந்தப் பலகை இருக்க வேண்டும் என்பது விதி. அதை நான் சாலையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதில் ஓர் எண் இருப்பதையோ, அந்த எண் ஒரு பொருளின் பெயர் என்பதையோ கவனித்ததில்லை. பெட்ரோலுக்கு 1203, அம்மோனியாவுக்கு 1005, குளோரினுக்கு 1017 என்று உலகம் முழுவதற்கும் ஒரே எண். நெருங்கிப் போகாமல் நின்ற இடத்திலிருந்தே படிக்கச் சொன்னேன். ஆயிரத்து எழுபத்தைந்து என்றார். அது சமையல் எரிவாயு.

அதற்குப் பிறகு ஆய்வாளர் எழுதிய கேள்விகளை நான் அப்படியே வாசித்துக்கொண்டிருந்தேன். சீறும் சத்தம் கேட்கிறதா? தரையை ஒட்டி வெண்மையாக மூடுபனி போல ஏதாவது பரவுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றே பதில் வந்தது. மூன்றாவதாக வந்த கேள்வி எனக்கு விளங்கவில்லை, விளங்காமலேயே கேட்டேன். “அண்ணா, லாரியைப் பார்த்தபடி நில்லுங்க. மழை உங்க முகத்துல அடிக்குதா, முதுகுல அடிக்குதா?”

முகத்தில் என்றார். காற்று டேங்கரிலிருந்து அவரை நோக்கி வீசுகிறது என்பதுதான் அதன் பொருள். பாலக்காட்டுக் கணவாயில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மலைத்தொடரில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் அந்த வாசலில், பருவமழைக் காலம் முழுவதும் காற்று மேற்கிலிருந்து கிழக்கே பாய்வதை அறியாத பிள்ளைகள் எங்கள் ஊரில் இல்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; மேலே எழும்பிக் கலைந்து போகாமல் பள்ளத்தையும் வடிகாலையும் தேடி இறங்கும். எனவே பள்ளத்தில் இறங்க வேண்டாம், டேங்கரைத் தாண்டி வரவும் வேண்டாம், காற்றுக்குக் குறுக்காகச் சாலையோர மேட்டுக்கு ஏறிவிடுங்கள் என்று சொன்னேன். மேட்டில் ரயில் பாதை தெரிகிறது என்று அவர் சொன்னதும், ஆய்வாளருடன் வந்த மற்றவர் ரயில்களை நிறுத்தச் சொல்லும் ஏற்பாட்டில் இறங்கிவிட்டார்.

பாலக்காட்டிலிருந்து புறப்பட்ட எங்கள் வண்டிகள் இரண்டும் காற்றுக்கு மேற்புறமாக, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்தப்பட்டன. அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஆய்வாளர் கேட்டார்: “கிழக்கேயிருந்து யாரும்மா வர்றாங்க?”

எல்லையோரத்தில் பணியாற்றும் அனைவருக்கும் இந்தக் கேள்வி முக்கியம் என்பதால் இதைச் சற்று விளக்க விரும்புகிறேன். 108 என்று அழைப்பவர் எந்த மாநிலத்தில் நிற்கிறார் என்பதைவிட, எந்தப் பக்கத்துக் கோபுரம் அவருடைய கைபேசியைப் பிடித்தது என்பதே அழைப்பு எங்கே போகும் என்பதை முடிவுசெய்கிறது. வாளையாற்றில் நின்று அழைக்கும் ஒருவருக்கு எங்கள் அறையும் கிடைக்கலாம், சென்னை அறையும் கிடைக்கலாம். அதே விபத்தைப் பார்த்த வேறு யாரோ அழைத்து, தமிழ்நாட்டு வண்டி ஒன்று கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து, எரிவாயு பரவிவரும் திசைக்கு நேரெதிராக, வந்துகொண்டிருக்கக்கூடும். எங்கள் மேசையிலிருந்து 108ஐச் சுழற்றினால் எங்கள் அறைதான் ஒலிக்குமே தவிர சென்னை ஒலிக்காது; சென்னையின் சாதாரணத் தொலைபேசி எண் வேண்டும். அது மூத்த சகா ஒருவரின் குறிப்பேட்டில், கடைசிப் பக்கத்தில், பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. தேடி எடுத்துப் பேசியபோது, வண்டி ஒன்று ஏற்கெனவே புறப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். தமிழில் நான்கே வாக்கியங்களில் நிலைமையைச் சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் ஒரு சொல்லும் குறுக்கே பேசாமல் கேட்டு, அந்த வண்டியைச் சோதனைச் சாவடிக்கு முன்னாலேயே நிறுத்தினார். அவருடைய பெயரை நான் கேட்கவில்லை. இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

பிறகு காத்திருந்தோம். நாமக்கல் ஓட்டுநரின் இணைப்பை நான் துண்டிக்கவில்லை. “ஏம்மா, ஒரு உசுரு அங்க கத்திக்கிட்டுக் கெடக்கு, ஆம்புலன்ஸ எதுக்கு நிறுத்தி வச்சிருக்கீங்க?” என்று அவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏதாவது சமாதானம் சொல்லலாமா என்று ஆய்வாளரைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லும்படி தாளில் எழுதினார். வண்டி வந்துவிட்டது, அருகில்தான் நிற்கிறது, அதன் எஞ்சினிலிருந்து ஒரு பொறி பட்டாலும் உள்ளே இருப்பவர், நீங்கள், வண்டியில் வந்தவர்கள் எல்லோரும் போய்விடுவீர்கள் என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், பின்னால் வரும் வண்டிகளைத் தாமே மறித்து நிறுத்துவதாகச் சொல்லிவிட்டு, இருட்டில் துண்டை வீசிக்கொண்டு கிழக்கே நடந்தார். அவருடைய மூச்சு இரைக்கும் சத்தமும், மழைச் சத்தமும், ஒவ்வொரு வண்டியையும் பார்த்து “லைட்ட அணை, எஞ்சின அணை” என்று அவர் கத்துவதும் என் காதில் விழுந்துகொண்டே இருந்தன.

எங்கள் வண்டியின் பைலட்டும் (ஓட்டுநரை அப்படித்தான் அழைப்போம்) கேட்டார், விபத்து விளக்குகள் கண்ணுக்குத் தெரிகின்றன, ஏன் நிற்க வேண்டும் என்று. அவரிடம் ஆய்வாளரே பேசினார். 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூரை அடுத்த சாலா என்ற ஊரில் டேங்கர் கவிழ்ந்து, கசிந்த வாயு தீப்பற்றியதில் 20 பேர் இறந்ததை நினைவூட்டினார். பைலட் அதற்குமேல் கேட்கவில்லை.

தீயணைப்புப் படையினர் வந்து, கருவியால் வாயுவை அளந்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கலைத்துக்கொண்டே உள்ளே சென்று, கேபினை வெட்டி ஓட்டுநரை மீட்டு, எங்கள் வண்டி நின்ற இடம் வரை ஸ்ட்ரெச்சரில் சுமந்துகொண்டு வந்தார்கள். முதல் அழைப்பிலிருந்து அதுவரை 52 நிமிடங்கள் ஆகியிருந்தன. வலது கால் முறிந்திருந்தது, உயிருக்கு ஆபத்தில்லை. எங்கள் அளவுகோலின்படி, அந்த மாதத்தின் மிக மோசமான அழைப்பு அதுதான். அந்த அளவுகோல் எல்லா அழைப்புக்கும் பொருந்தாது என்று அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். இன்றும் அதே கருத்தில் இருக்கிறேன்.

அதன் பிறகு ஆய்வாளரின் தாள்களை நான் சேர்த்துவைக்கத் தொடங்கினேன். இடுக்கியில் மழை வலுத்த ஓர் இரவு, எங்கிருந்து அதிக அழைப்பு வருகிறது என்று நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் எழுதி நகர்த்தியது இது: ‘எங்கிருந்து அழைப்பே வரவில்லை?’

மூணாறை அடுத்த பெட்டிமுடியை அவர் மனத்தில் வைத்து எழுதினார் என்பது புரிந்தது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு அங்கே தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகள் மீது மலை சரிந்தது. மின்சாரம் இல்லாமல் கைபேசிக் கோபுரம் செயலிழந்திருந்ததால், மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 70 பேர். பெரும்பாலும் கயத்தாறுப் பக்கத்துக் குடும்பங்கள். என் மொழி பேசியவர்கள். அந்த இரவில் உதவி கேட்டு ஒரு குரல்கூட வெளியே வர வழியில்லாமல் போயிற்று. அதை நினைக்கும்போதெல்லாம் என் கை தானாக ஹெட்செட்டைத் தொடுகிறது.

தோட்டங்களின் பட்டியலை எடுத்து, மாலையிலிருந்து அழைப்பு வராத டிவிஷன்களுக்கு (தோட்டப் பிரிவுகளுக்கு) நாங்களே அழைத்தோம். சிலவற்றில் மணி ஒலிக்கவே இல்லை. அவற்றின் பெயர்களை 1077இல் இயங்கும் மாவட்ட அவசரகால மையத்துக்குக் கொடுத்தோம். ஒரு லயத்தில் வயதான அம்மா ஒருவர் எடுத்தார். மலையாளத்தில் நீரும் மண்ணும் பாறையும் கலந்து பாய்ந்து இறங்கும் ‘உருள்பொட்டல்’ வேறு, மண் இடிந்து விழும் ‘மண்ணிடிச்சல்’ வேறு. தோட்டத்துத் தமிழர் இரண்டையும் மண் சரிவு என்றே சொல்வார்கள். எனவே எந்தச் சொல்லையும் பயன்படுத்தாமல், கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் கேளுங்கள் என்று ஆய்வாளர் சொல்லியிருந்தார். ஓடையில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“சாயங்காலம் வரைக்கும் இரைஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சும்மா. இப்பச் சத்தத்தையே காணோம். மழை விடாமத்தான் பெய்யுது, ஓடை அடங்கிருச்சு. நல்லதுதானே?”

மழை நிற்காமல் ஓடை அடங்கினால், மேலே எங்கேயோ மண்ணும் மரமும் விழுந்து தண்ணீரைத் தேக்கியிருக்கலாம். தேங்கியது உடைந்தால் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். ஆய்வாளர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய சக வீரர் மலையில் இருந்த தங்கள் குழுவை அழைத்துவிட்டார். ஓடையோர லயங்களில் இருந்தவர்களை நள்ளிரவுக்கு முன்னால் மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு நடத்திச் சென்றார்கள். அந்த அம்மா வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததாகவும், மாட்டையும் கூடவே அழைத்துக்கொள்ளலாம் என்று வீரர் ஒருவர் சொன்ன பிறகே புறப்பட்டதாகவும் பின்னர் அறிந்தேன்.

இரவு எதுவும் நடக்கவில்லை. காலை ஆறரை மணிக்கு, என் பணி முடியும் நேரத்தில், அந்த அம்மாவே பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து என்னைக் கேட்டு வாங்கிப் பேசினார். மழை விட்டுவிட்டது, ஓடையில் தண்ணீரும் வந்துவிட்டது, வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்கலாமா என்றார். நான் ஆய்வாளரைப் பார்த்தேன். அவர் இம்முறை எதுவும் எழுதாமல், நீங்களே கேளுங்கள் என்பதுபோலத் தலையசைத்தார். தண்ணீர் என்ன நிறத்தில் வருகிறது என்று கேட்டேன். அம்மா யாரையோ வெளியே அனுப்பிப் பார்க்கச் சொன்னார். மாடு கத்தும் சத்தம் கேட்டது. செம்மண் குழம்பாக வருகிறது, நடுவில் வேரோடு மரக்கிளையும் வருகிறது என்றார்.

“இன்னும் போகாதீங்கம்மா. இன்னிக்குப் பள்ளிக்கூடத்துலயே இருங்க,” என்றேன்.