மான்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பு: வெற்றி நீதிமன்றத்தினுடையதா, நடந்த மக்களுடையதா?

வரலாற்று மாணவி:

அனைவருக்கும் வணக்கம். முதுகலை வரலாற்றில் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவைப் பற்றிய தாளுக்காக, அலபாமா மாநிலத்து மான்ட்கமரி நகரில் 1955 டிசம்பரில் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பைக் குறித்துக் கருத்தரங்கக் கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பள்ளியில் நான் படித்த வரலாறு மிக எளிமையானது. வேலை முடிந்து களைப்புடன் திரும்பிய ரோசா பார்க்ஸ் என்னும் தையல் தொழிலாளி, வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார், அவர் கைதானதும் ஊர் கொதித்தெழுந்தது, மார்ட்டின் லூதர் கிங் தலைமையேற்றார், சட்டம் மாறியது. படிக்கப் படிக்க, இந்தக் கதையில் விடுபட்டவர்களே மிகுதி என்பது புலப்படுகிறது.

பார்க்ஸ் தற்செயலாக அந்த இருக்கையில் அமர்ந்த ஓர் அப்பாவி அல்லர். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தேசியச் சங்கத்தின் மான்ட்கமரி கிளைக்கு 1943இலேயே செயலாளரானவர். 1955 கோடையில் டென்னசியின் ஹைலேண்டர் பள்ளிக்குச் சென்று போராட்டப் பயிற்சி பெற்றவர். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, மார்ச் 2ஆம் தேதி, கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி அதே நகரில் எழ மறுத்துக் கைதாகியிருந்தார். ஆங்கிலப் பேராசிரியை ஜோ ஆன் ராபின்சன், மகளிர் அரசியல் மன்றத்தின் சார்பில் 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதி, பயணிகளில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பின மக்கள் என்பதையும் அவர்கள் ஏறாவிட்டால் பேருந்துகள் ஓட முடியாது என்பதையும் எச்சரித்திருந்தார். பார்க்ஸ் கைதான இரவிலேயே ராபின்சன் தம் கல்லூரிக்குச் சென்று, சக ஆசிரியர் ஒருவரும் மாணவர் இருவரும் துணை நிற்க, விடியும்வரை புறக்கணிப்புக்கு அழைக்கும் ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளைப் படியெடுக்கும் இயந்திரத்தில் உருட்டி எடுத்தார். பல ஆண்டு உழைப்பை ஒருவருடைய ஒரு மாலை நேரக் களைப்பாகச் சுருக்குவது அந்தப் பெண்களுக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

என்னை உறுத்தும் கேள்விகள் இரண்டு. கால்வினின் வழக்கை முன்னிறுத்திப் போராட இயக்கத்தலைவர்கள் தயங்கியது, நீதி கேட்ட இயக்கத்துக்குள்ளேயே இருந்த அநீதியா? அடுத்து, பேருந்துகளில் இன ஒதுக்கலை, அதாவது வெள்ளையரையும் கறுப்பினத்தாரையும் பிரித்து அமர்த்தும் முறையை, இறுதியில் ஒழித்தது 'பிரவுடர் எதிர் கேல்' வழக்கின் தீர்ப்புதான் என்றால், மக்கள் பேருந்தில் ஏறாமல் 381 நாள் நடந்ததற்கு என்ன பொருள்?

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்:

அன்புள்ள மாணவிக்கு, உங்கள் முதற்கேள்விக்கு மட்டும் விடை சொல்ல முயல்கிறேன்.

கால்வின் கருவுற்றிருந்ததால் ஒதுக்கப்பட்டார் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆண்டு மாதங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள்: அவர் கைதானது 1955 மார்ச்சில், குழந்தை பிறந்தது 1956 மார்ச்சில். கைதானபோதும், அதை அடுத்த வாரங்களில் தலைவர்கள் அவரைப் பற்றி விவாதித்தபோதும் அவர் கருவுற்றிருக்கவில்லை. அவருடைய வயது, கிங் ஹில் என்ற ஏழைக் குடியிருப்பைச் சேர்ந்தவர் என்பது, உணர்ச்சிவயப்படுபவர் என்ற பேச்சு ஆகியவை அந்தத் தயக்கத்தில் நிச்சயம் பங்கு வகித்தன. ஆனால் சட்டக் காரணம் ஒன்றும் உண்டு. இன ஒதுக்கல் சட்டத்தை மீறியது, அமைதியைக் குலைத்தது, காவலரைத் தாக்கியது என மூன்று குற்றங்கள் அவர்மீது சுமத்தப்பட்டிருந்தன. மே மாதம் மேல்முறையீட்டில் நீதிபதி முதல் இரண்டையும் நீக்கிவிட்டு, தாக்கிய குற்றத்தை மட்டும் உறுதிசெய்தார். இதனால் இன ஒதுக்கல் சட்டத்தையே எதிர்த்து வாதாடும் வாய்ப்பு அந்த வழக்கிலிருந்து பறிபோயிற்று.

ஆகவே தலைவர்களின் தயக்கத்தை முற்றிலும் வர்க்கப் பார்வை என்றும் சொல்ல முடியாது, முற்றிலும் வியூகம் என்றும் சொல்ல முடியாது. இரண்டும் பின்னிக்கிடந்தன, எனினும் அதற்கான விலையைக் கொடுத்தவர் அந்தச் சிறுமிதான். அவருக்காக நிதி திரட்டி, இளைஞர் குழுவில் சேர்த்து அரவணைத்தவர் ரோசா பார்க்ஸ் என்பதைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள். இருவரையும் போட்டியாளர்களாக நிறுத்துவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. அது வருத்தம் தருகிறது.

வழக்கறிஞர்:

இரண்டாம் கேள்வி என் துறையைச் சார்ந்தது. நீதிமன்றமா மக்களா என்று பிரித்துக் கேட்பதே பொருந்தாது என்பது என் கருத்து. அதற்குச் சான்று தென் கரோலினாவில் இருக்கிறது.

அம்மாநிலத்துக் கொலம்பியா நகரில் சாரா மே ஃப்ளெமிங் என்ற பெண் 1954இல் பேருந்தில் அவமதிக்கப்பட்டு வழக்குத் தொடுத்தார். பள்ளிகளில் இன ஒதுக்கல் செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கோட்பாடு நகரப் பேருந்துகளுக்கும் பொருந்தும் என்று, அவ்வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1955 ஜூலையிலேயே தீர்ப்பளித்துவிட்டது. பார்க்ஸ் கைதாவதற்கு ஏறத்தாழ ஐந்து மாதம் முந்தைய தீர்ப்பு அது. மான்ட்கமரியில் ஒரு பேருந்திலாவது ஏதேனும் மாறியதா? கறுப்பினப் பயணிகள் முன்வாசலில் காசு போட்டுவிட்டு இறங்கி, பின்வாசலுக்கு நடந்து ஏறவேண்டிய நிலையும், அவர்கள் அங்கு போய்ச் சேருமுன் சில ஓட்டுநர்கள் வண்டியை எடுத்துவிடும் கொடுமையும் அப்படியே தொடர்ந்தன.

புறக்கணிப்பாளர்களின் தொடக்கக் கோரிக்கைகள் எவ்வளவு அடக்கமானவை என்பதையும் கவனியுங்கள். மரியாதையாக நடத்த வேண்டும். கறுப்பின மக்கள் மிகுதியாகச் செல்லும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களை அமர்த்த வேண்டும். வெள்ளையர் முன்னிருந்தும் கறுப்பினத்தார் பின்னிருந்தும் வந்த வரிசைப்படி அமரலாம், அமர்ந்தவரை எழுப்பக் கூடாது. இன ஒதுக்கலை ஒழிக்கவேண்டும் என்ற கோரிக்கை அவற்றில் இல்லவே இல்லை. அவ்வளவுக்கும் நகர நிர்வாகம் மறுத்தது. 1956 ஜனவரி 30 அன்று கிங்கின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. பிப்ரவரி 1ஆம் தேதி, 25 வயதான வழக்கறிஞர் ஃபிரெட் கிரே, இன ஒதுக்கல் சட்டமே செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அதுதான் நீங்கள் குறிப்பிட்ட 'பிரவுடர் எதிர் கேல்' வழக்கு. பார்க்ஸின் மேல்முறையீடு மாநில நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்ததால் அவர் இதில் சேர்க்கப்படவில்லை. வாதிகளாக இறுதிவரை நின்ற நான்கு பெண்களில் ஒருவர் கிளாடெட் கால்வின்! 1956 மே மாதம் சாட்சிக் கூண்டில், நகரத் தரப்பு வழக்கறிஞர் தலைவர் யார் என்று துருவியபோது, எங்களுக்கு நாங்களேதான் தலைவர்கள் என்று அவர் விடையளித்தார்.

ஜூன் 5 அன்று மூன்று நீதிபதிகளில் இருவர் வாதிகள் பக்கம் தீர்ப்பளித்தனர். நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே நாளில்தான் மாநில நீதிமன்றம் பேருந்துக்கு மாற்றாகப் புறக்கணிப்பாளர்கள் நடத்திய கார் ஏற்பாட்டுக்குத் தடை விதித்தது. தீர்ப்பாணை ஊர் வந்து சேர்ந்த டிசம்பர் 20 வரை, மக்கள் அந்த ஏற்பாடும் இல்லாமலே பேருந்துகளைப் புறக்கணித்தனர். காகிதத்தில் இருந்த தீர்ப்பைத் தெருவுக்குக் கொண்டுவந்தது அந்த உறுதி என்பதே என் முடிவு.

தொழிலாளர் வரலாறு படிப்பவர்:

கார் ஏற்பாட்டைப் பற்றி ஒரு சொல். முதலில் கறுப்பின டாக்சி ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஏற்றிச் சென்றனர். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைக் காட்டி நகர நிர்வாகம் அதைத் தடுத்தது. அதன் பின்னர் 1953இல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரத்தார் செய்து பார்த்த முறையைக் கேட்டறிந்து, ஏறத்தாழ 300 கார்களைக் கொண்டு, ஏறுமிடம், இறங்குமிடம், நேரம் எல்லாம் வகுத்து ஒரு போக்குவரத்துக் கழகத்தையே நடத்தினார்கள். கார்களின் காப்பீடு ரத்து செய்யப்பட்டபோது லண்டனிலிருந்து காப்பீடு பெற்றார்கள்.

பெட்ரோலுக்குப் பணம்? அங்கேதான் ஜார்ஜியா கில்மோர் வருகிறார். சமையல்காரரான அவர், தம்மைப் போன்ற பெண்களைத் திரட்டி, கோழி வறுவலும் இனிப்புப் பண்டங்களும் செய்து விற்று, வாரந்தோறும் கூட்டத்தில் அந்தப் பணத்தை ஒப்படைத்தார். யார் சமைத்தது, யார் கொடுத்தது என்று எவரும் கேட்டால் 'எங்கிருந்தும் இல்லை' என்று சொல்லும்படியே அக்குழுவுக்குப் பெயரும் வைத்தார். வெள்ளையர் வீடுகளில் சமைத்து வயிறு வளர்த்த பெண்களின் பெயர் வெளியே வந்தால் அடுத்த நாள் வேலை இருக்காது. நீதிமன்றத்தில் வெளிப்படையாகச் சாட்சி சொன்ன கில்மோருக்கு அதுவே நேர்ந்தது. கிங் கொடுத்த ஊக்கத்தில், தம் வீட்டுச் சமையலறையிலேயே உணவகம் தொடங்கினார். மேடைப் பேச்சுகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியையாவது இந்தச் சமையலறைகளுக்குக் கொடுங்கள்.

வரலாற்று மாணவி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஃப்ளெமிங் வழக்கு என் நூற்பட்டியலிலேயே இல்லை. இரண்டாம் இயலை அதிலிருந்து தொடங்கி, கில்மோருக்கும் கார் ஏற்பாட்டுக்கும் தனி இயல் தரப்போகிறேன். பேருந்தில் கிங் முன்னிருக்கையில் அமர்ந்த 1956 டிசம்பர் 21உடன் கட்டுரையை முடிக்கும் எண்ணத்தையும் கைவிட்டேன். ஒரு வாரத்துக்குள் பேருந்துகளை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார்கள். கருவுற்றிருந்த ஒரு பெண்ணின் கால்களில் குண்டு பாய்ந்தது. 1957 ஜனவரி 10 அன்று நான்கு தேவாலயங்களும் போதகர்கள் இருவரின் வீடுகளும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. வேலை பறிபோய், மிரட்டல்களுக்கிடையே வேறு வேலையும் கிடைக்காத ரோசா பார்க்ஸ் அதே ஆண்டில் குடும்பத்தோடு டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். கடைசி இயல் அந்த ஆண்டைப் பற்றியது.