‘மே நாட்’: தடையா, வாய்ப்பா?

வணக்கம். நீரேற்று மோட்டார் ஒன்றின் ஆங்கிலக் கையேட்டை மூன்று வாரங்களாகத் தமிழாக்கி வருகிறேன். மின் இணைப்பு பற்றிய அத்தியாயத்தில் ஒரே ஒரு வாக்கியத்தில் நின்றுவிட்டேன். ‘தி யூனிட் மே நாட் ரீஸ்டார்ட் ஆட்டோமேட்டிக்கலி ஆஃப்டர் எ பவர் ஃபெயிலியர்’ என்பது அது. மின்தடைக்குப் பின் மோட்டார் தானாக ஓடக் கூடாது என்ற தடையாகவும், தானாக ஓடாமல் போகலாம் என்ற எச்சரிக்கையாகவும் இதைப் படிக்க முடிகிறது. ‘மே’ மட்டும் வந்திருந்தால் சிக்கல் இல்லை. ‘செய்யலாம்’ என்பதும் அனுமதி, வாய்ப்பு இரண்டையும் சுமக்கும். எதிர்மறையில்தான் தமிழ் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.

ஐஎஸ்ஓ, ஐஇசி ஆகிய சர்வதேசத் தர நிர்ணய அமைப்புகள் தங்கள் தர ஆவணங்களை எழுதுவதற்கு வகுத்துள்ள விதிகளின் 2ஆம் பகுதியைப் பார்த்தேன். அங்கே ‘மே’ அனுமதிக்கும் ‘கேன்’ இயலுமைக்கும் வாய்ப்புக்கும் உரியவை. தடைக்கு ‘ஷால் நாட்’ இருக்க, அதற்குப் பதிலாக ‘மே நாட்’ எழுத வேண்டாம் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் இக்கையேடு, பேனலைத் திறக்கக் கூடாது என்ற வெளிப்படையான தடையையே ‘மே நாட்’ என்று எழுதியிருப்பதால் அந்த அளவுகோல் இங்கே உதவவில்லை. தயாரிப்பாளருக்கு இருமுறை எழுதியும் பதில் வரவில்லை. மோட்டாரில் கைவைப்பவரின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் ஊகித்து எழுத மனம் ஒப்பவில்லை.

எழுவாய் ஆளாக இல்லாமல் கருவியாக இருக்கும்போது, ‘மே நாட்’ தடையா வாய்ப்பா என்பதை எந்த அடையாளத்தைக் கொண்டு முடிவு செய்கிறீர்கள்?